தட்டு சுற்றும் மேசை

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தட்டைச் சுத்த விடாதே."

பெரியவன் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவன் ஷூவைப் பார்த்துத்தான் சொல்வான். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதையும் அப்படித்தான் சொன்னான்.

அம்மாவின் சீப்பு கூந்தலில் பாதி வழியில் நின்றது.

"ஏன்டா?"

"அவளுக்குப் பழக்கமில்லம்மா. ஏன்னு கேக்காதே, ப்ளீஸ்."

கேட்கவில்லை. கேட்காமலே பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தாள். மகனுக்குப் பெற்றவளை வெளியே காட்ட வெட்கம். அவ்வளவுதான். சீப்பு மறுபடி ஓடியது; இந்த முறை கொஞ்சம் வேகமாக.

அந்தக் குடும்பத்தின் சட்டம் ரொம்ப எளிது. வெளியே சாப்பிடப் போனால் ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்கக் கூடாது. நாலு பேர், நாலு தினுசு. ஐந்து வாய் உள்ளே போனதும் அப்பா குரல் கொடுப்பார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். "போலாம் ரைட்!" என்றதும் நாலு தட்டும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் நகரும். இன்னும் ஐந்து வாய், இன்னொரு "போலாம் ரைட்!". சுற்று முடியும்போது அவரவர் தட்டு அவரவரிடமே வந்து நிற்கும். கடைசி வாய் தட்டுக்காரருக்கு. அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

சட்டத்தை இயற்றியவள் அம்மாதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. பகல் முழுக்க அடுத்தவர் பல்லைப் பற்றியே பேசுகிறவளுக்குச் சாயங்காலம் தன் நாக்குக்கு வேலை கொடுக்காவிட்டால் தூக்கம் வராது. எந்தப் பண்டமானாலும் ஒரு வாய் போதும்; உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது வீட்டு அடுப்பில் கொதிக்கும். "இவ சாப்பிட வர்றதில்ல, துப்பறிய வர்றா" என்பார் அப்பா, இரண்டாம் முறை போட்டுக்கொண்டே.

அப்படிப்பட்டவளிடம்தான் தட்டு சுற்றக் கூடாது என்று தடையுத்தரவு வந்திருந்தது.

ஏழு பத்துக்கு உணவகத்தில் எல்லோரும் ஆஜர். ஜன்னலோர மேசை. பெரியவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை. சின்ன உருவம், பெரிய கைப்பை.

"வணக்கம் ஆன்ட்டி" என்றாள். குரல் வந்தது, சிரிப்பு பாதிதான் வந்தது.

அம்மா ஓரக்கண்ணால் எடைபோட ஆரம்பித்தாள். பெண் கைப்பையிலிருந்து ஈரத்தாள் எடுத்து மேசையைத் துடைத்தாள். ஸ்பூனைத் துடைத்தாள். சர்வர் வந்ததும் மீன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், தள்ளி நின்று அவரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ பேசினாள். ஒரு நிமிஷம் இல்லை, மூன்று நிமிஷம்.

'மீன் கேக்கறதுக்கு மூணு நிமிஷமா? கடல்லேருந்து புடிச்சிட்டு வரச் சொல்றாளோ?' என்று நினைத்தாள் அம்மா.

தட்டுகள் வந்தன. அப்பாவுக்குச் சூப்பும் ரொட்டியும். சின்னவளுக்கு நூடுல்ஸ். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வதால் அவளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். பெரியவனுக்குக் கத்தரிக்காய் அடைத்துச் சுட்டது. அம்மாவுக்குக் கம்பியில் கோத்து வாட்டிய கோழி; பக்கத்துக் கிண்ணத்தில் கெட்டியாக வேர்க்கடலைச் சாஸ்.

கடைசியாக அந்தப் பெண்ணின் தட்டு.

மீன். மேலே காளான் போட்ட வெள்ளைச் சாறு. ஓரத்தில் வெண்ணெய் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. வால் பக்கம் பொன்னாய் முறுகியிருந்தது. ஆவியில் என்னவோ ஒரு வாசனை. எலுமிச்சைதான். தோலா? சாறா? இலையா? அம்மாவின் மூக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டது.

ஐந்து வாய் ஆயிற்று. பழக்க தோஷத்தில் அப்பா, "போலாம்..." என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் பெரியவனின் கால் வேலை செய்தது. "...போலாமா அடுத்த வாரம் எங்கயாவது?" என்று சமாளித்தார் அப்பா.

"எங்கப்பா?" என்றாள் வக்கீல் விடாமல்.

"சாப்பிடும்மா."

தட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக. அம்மா ஸ்பூனால் சாஸை அள்ளிக் கோழிமேல் விட்டுக்கொண்டாள். சாஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தனக்கு மட்டும் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்?

அப்போது அந்தப் பெண்ணின் போன் அடித்தது.

"கடையிலேருந்து. டாக்டர் எழுதினது அவங்களுக்குப் புரியலையாம். ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே போனாள். பெரியவனும் பின்னாலேயே போனான். அப்பா சூப்புக் கிண்ணத்துக்குள் கிட்டத்தட்டக் குடியேறியிருந்தார்.

மீன் தட்டு அநாதையாகக் கிடந்தது.

அம்மா இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஸ்பூன் தானாக நகர்ந்தது. காளான் சாற்றின் ஓரத்தில் ஒரு முக்குளிப்பு, மீனில் ஒரு கிள்ளல். வாய்க்குள் போனதும் கண் மூடிக்கொண்டது. எலுமிச்சைத் தோல்தான்! சாறு இல்லை, தோல்! ஸ்பூனின் முதுகால் சாற்றை இழுத்து, தோண்டிய இடத்தை வழவழவென்று மூடினாள். தடயம் காலி.

நிமிர்ந்தால் எதிரே வக்கீல். வாயில் தொங்கும் நூடுல்ஸோடு, கண் விரிய.

"அம்மாஆ..."

"மூச்சு விட்டே, நாளைக்கு உனக்குக் கஞ்சி."

வக்கீல் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டாள். சாட்சி கலைந்தது.

இரண்டு நிமிஷத்தில் அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஸ்பூனை எடுத்தாள். தோண்டி மூடிய அதே இடத்தில் எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள்.

தண்ணீர் ஊற்ற வந்த சர்வர் கரிசனமாகக் குனிந்தார். "மேடம், நீங்க சொன்ன மாதிரி தனிச் சட்டியில, தனிக் கரண்டியிலதான் செஞ்சோம். ஒரு பொட்டு வேர்க்கடலைகூடப் படல. பயப்படாம சாப்பிடுங்க."

வேர்க்கடலை.

அம்மா தன் ஸ்பூனைப் பார்த்தாள். நுனியில் பழுப்பாக, கெட்டியாக, ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்த மேசை, துடைத்த ஸ்பூன், மூன்று நிமிஷப் பேச்சு எல்லாம் ஒரே நொடியில் அடுக்கி வைத்தாற்போல் விளங்கிவிட்டது.

"வைக்காதே!"

கூச்சலோடு கையும் பாய்ந்தது. ஸ்பூன் பறந்து பக்கத்து மேசைக் காலடியில் கணீரென்று விழுந்தது. வெள்ளைச் சாறு அந்தப் பெண்ணின் சட்டையில் தெறித்தது. உணவகமே திரும்பிப் பார்த்தது.

"அம்மா! என்ன பண்றே நீ?" பெரியவன் எழுந்துவிட்டான்.

பொய் சொல்ல வழி இல்லாமல் இல்லை. ஈ விழுந்தது என்று சொல்லலாம். முடி கிடந்தது என்று சொல்லலாம். வருங்கால மருமகள் முன்னால் திருடி என்று பெயர் வாங்காமல் தப்பிக்கலாம். ஆனால் அப்புறம் அந்தப் பெண் வேறு ஸ்பூன் எடுத்து அதே தட்டில் கை வைத்தால்?

"நான் உன் தட்டுல எடுத்துச் சாப்பிட்டேன்" என்றாள் அம்மா. "நீ வெளிய போயிருந்தப்போ. இந்த ஸ்பூனால. இதுல வேர்க்கடலைச் சாஸ் இருந்துச்சு. நீ ஏதாச்சும் சாப்பிட்டியா? இப்போ வந்து உக்காந்ததுக்கப்புறம்? ஒரு வாய்? அரை வாய்?"

"இல்ல ஆன்ட்டி. சாப்பிடல."

"நெஜமா? நாக்கைக் காட்டு!"

அந்தப் பெண் சின்னக் குழந்தைபோல் நாக்கைக் காட்டினாள். பார்த்த பிறகுதான் அம்மா நாற்காலியில் விழுந்தாள். அப்பா சூப்பை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேர்க்கடலை அலர்ஜி" என்றாள் பெண், மேசையைப் பார்த்தபடி. "கொஞ்சம் பட்டாலும் தொண்டை அடைச்சிடும். பையில ஊசி வெச்சிருக்கேன். நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இவர்கிட்ட சொன்னேன். முதல் நாளே நோயாளியைப் பாக்கற மாதிரி பாப்பீங்கன்னு..."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்காகவாடா தட்டைச் சுத்த வேணாம்னே?"

"வேற எதுக்கும்மா? நீ என்ன நெனச்சே?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சர்வர் தட்டை மாற்ற எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"ஆன்ட்டி... அது நல்லா இருந்துச்சா?"

"எது?"

"என் மீன். விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து என் தட்டுலேருந்து யாரும் ஒரு வாய் எடுத்ததில்ல. நானும் யார்கிட்டயும் எடுத்ததில்ல. ஸ்கூல்லகூட என்னைத் தனி பெஞ்சுல உக்கார வெச்சுத்தான் சாப்பிடச் சொல்வாங்க. அதான் கேட்டேன்."

எந்த நேரத்திலும் அம்மாவின் நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை முழுதாக.

மறுநாள் காலையில் வீட்டில் சோதனை தொடங்கியது.

கடலை டப்பா முதலில் போயிற்று. பின்னாலேயே கடலை எண்ணெய். இருபது வருஷம் அந்த எண்ணெயைக் குடித்துக் கறுத்த மரக்கரண்டியை அம்மா கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் அதுவும் போயிற்று. தாளிக்கிற சட்டி, மிக்ஸி ஜார், மசாலா டப்பாக்கள், வக்கீல் தலையணைக்கடியில் பதுக்கியிருந்த சாக்லேட் வரை ஒன்றும் தப்பவில்லை.

"சொந்த வீட்டுல அகதியாயிட்டேன்" என்றார் அப்பா. சாயங்காலம் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது சாயாது. இனி பஸ் டெப்போவிலேயே கொறித்துவிட்டு, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு.

"சட்டையை உதறினீங்களா?"

"உதறிட்டேன்."

"பாக்கெட்டை?"

"ஏம்மா, நான் என்ன கடத்தல்காரனா?"

பாக்கெட்டில் இரண்டு பருப்பு இருந்தது. அப்பா மறுபேச்சு இல்லாமல் படியிறங்கிப் போனார்.

மருந்துக்கடைக்கும் தினம் ஒரு போன் போனது. "பாதாம் ஆகுமா? எள்ளு? அந்த மஞ்சள் டப்பா பிஸ்கட்டு?" பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து போனுக்காகக் காத்திருந்தவள் மாதிரி முதல் மணியிலேயே எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றாள். கையில் தன் சாப்பாட்டு டப்பா.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க போனாலும் எடுத்துட்டுப் போயிடுவேன். பழகிடுச்சு."

"நெனைக்கல. உள்ள வா. முதல்ல இதைப் படி."

ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கக் காகிதம். எண்ணெய், வெண்ணெய், மாவு, நூடுல்ஸ், மிளகுத்தூள் என்று அன்றைக்குச் சமையலில் பட்ட ஒவ்வொரு பொருளின் உறையிலிருந்தும் சேர்மானம் அச்சடித்த துண்டை வெட்டி, வரிசையாக ஒட்டியிருந்தாள் அம்மா.

"என்னை நம்புன்னு சொல்ல மாட்டேன். என் கை திருட்டுக் கை. நீயே பாத்துக்கோ."

அந்தப் பெண் படித்தாள். மருந்துச் சீட்டைப் படிக்கிற கண்ணோடு, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தாள். அடுப்பு மேடையில் புது மரக்கரண்டி வெளுப்பாகக் கிடந்ததையும் பார்த்தாள். கடைசித் துண்டைப் படித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். அம்மா அவசரப்படுத்தவில்லை. சாதம் குழைந்தால் குழையட்டும்.

அப்புறம் அவள் திரும்பி வந்து, தன் டப்பாவைத் திறக்காமல் கைப்பையில் வைத்து மூடினாள்.

ஐந்து பேர், ஐந்து தினுசு. அம்மாவின் தட்டில் மீன். காளான் சாறு, எலுமிச்சைத் தோல், ஒரு சிட்டிகை உப்பு அதிகம். பெண்ணின் தட்டில் கோழி வறுவலும் சாதமும். வலப்பக்கம் அவள் தட்டு வக்கீலுக்குப் போகும். இடப்பக்கமிருந்து அம்மாவின் தட்டு அவளுக்கு வரும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவது வாயை எல்லோரும் மென்று விழுங்கியாயிற்று. அப்பா வாயைத் திறக்கவில்லை. பெரியவன் ஷூ இல்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மூச்சைப் பிடித்திருந்தாள்.

"மாமா," என்றாள் அந்தப் பெண், "வண்டி ஏன் நிக்குது?"

"போலாம் ரைட்!" அப்பாவின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஐந்து தட்டும் நகர்ந்தன. அடுத்தவர் கை பட்ட, அடுத்தவர் பாதி சாப்பிட்ட மீன் அவள் முன்னால் வந்து நின்றது. அவள் ஸ்பூனை எடுத்தாள். எல்லோரும் தங்கள் தட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள், ஒருவரும் தட்டைப் பார்க்கவில்லை. வாயில் வைத்தாள். மென்றாள். கண் மூடிக்கொண்டது.

"உப்பு?" என்றாள் அம்மா.

"சரியா இருக்கு அத்தை."

அப்புறம் வண்டி நிற்கவேயில்லை. வக்கீல், "அண்ணி, அது ஆறாவது வாய், நான் எண்ணிட்டுதான் இருக்கேன்" என்று ஆட்சேபம் கிளப்பினாள். பெரியவன் சாஸைச் சட்டையில் சிந்தினான். கடைசி "போலாம் ரைட்!" முடிந்து மீன் தட்டு அம்மாவிடமே வந்து சேர்ந்தது.

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்து வைத்துவிட்டு, குனிந்து பார்த்தாள்.

வால் பக்கத்து முறுகல் இல்லை. கடைசி வாய்க்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்த பொன்னான துண்டு. இருந்த இடம் தெரியாமல், மேலே சாற்றை இழுத்து வழவழவென்று மூடியிருந்தது.

நிமிர்ந்தாள். வக்கீல் அல்ல, அவள் முகத்தில் நிஜமாகவே ஒன்றுமில்லை. அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.