பன்னிரண்டு வெறுஞ்சொற்கள்

டினோஜா மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அப்பாவின் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது விரல்கள் சுத்தமாகிவிட்டன. வலக்கைப் பெருவிரல் நகத்துக்குக் கீழே இருந்த கிறீஸ் மட்டும் அசையவில்லை.

"விடு பிள்ளை, அது போகாது," என்றாள் தாய் மார்த்தா, பிணத்தின் சட்டைப் பொத்தான்களைப் பூட்டியபடி. "கலியாணத்தண்டும் அப்பிடித்தான் கை கழுவினவர். மோதிரம் போடேக்க மண்ணெண்ணெய் மணந்தது."

சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். அது அவள் நினைவுப் பிழை. கலியாணத்தின்போது அப்பா பத்திநாதன் இஞ்சின் திருத்துபவரல்ல, வலை வீசுகிறவர். பிழையைத் திருத்த இருவருக்கும் மனம் வரவில்லை.

விடத்தல்தீவில் படகு இஞ்சின் ஏதும் மக்கர் பண்ணினால் எல்லோரும் பத்திநாதனிடம்தான் போவார்கள். வியாழக்கிழமை காலை ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே கொட்டிலுக்குள் சரிந்தார். மூளைக்குள் இரத்தம் கசிந்ததென்று வைத்தியர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து டினோஜாவின் நெஞ்சுக்குள் அவளுடைய படிப்புக் கொப்பி திறந்தே கிடந்தது.

அவள் உளசமூக உத்தியோகத்தர். இலுப்பைக்கடவையிலிருந்து வெள்ளாங்குளம் வரை ஸ்கூட்டியில் போய், போரில் ஆட்களைத் தொலைத்தவர்கள் பேசுவதைக் கேட்டு வருவது அவள் வேலை. சனி ஞாயிறுகளில் உளவியல் டிப்ளோமா. இந்தத் தவணைக்குப் பாடம் உளவியலின் வரலாறு. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னர் ஜெர்மனியில் ஒருவர், மனித ஞாபகத்தை அளக்கலாமா என்று தன்னையே வைத்துச் சோதித்தாராம். அர்த்தமில்லாத ஓரசைச் சொற்களைப் பாடமாக்கி, இருபது நிமிடம், ஒரு மணித்தியாலம், ஒரு நாள், ஆறு நாள், ஒரு மாதம் என்று விட்டுவிட்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தாராம். அதையே ஒரு ஆளை வைத்துச் செய்து பார்க்கும்படி ஒப்படை.

அப்பா தானாகவே முன்வந்தார்.

"அர்த்தமில்லாத சொல்லு ஏன்?" என்று கேட்டார்.

"அர்த்தம் இருந்தா பழைய நினைப்பு உதவிக்கு வந்திடும் அப்பா. வெறும் ஞாபகத்தை மட்டும் அளக்கோணும்."

"கார்பரேட்டரைத் தனியக் கழட்டிப் பாக்கிற மாதிரி."

"ஓம், அதேதான்."

அவர் தாடையைச் சொறிந்தார். "கழட்டினாப் பிறகு அது இஞ்சின் இல்லையே பிள்ளை."

டினோஜா எழுத்துகளை மட்டைத் துண்டுகளில் எழுதி, ஒரு பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தாள். தூப், நெக், கீம், மோழ், லூக் என்று பன்னிரண்டு வந்தன. அப்பா ஒருநாள் முழுக்க முணுமுணுத்துப் பாடமாக்கினார். முதல் நாள் பதினொன்று சொன்னார். இரண்டாம் நாளும் பதினொன்று. வரைபில் ஜெர்மன்காரரின் கோடு சரிந்து விழுந்த இடத்தில் அப்பாவின் கோடு நேராக நின்றது. அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

ஆறாம் நாள், ஞாயிறு பூசை முடிந்து வந்து கேட்டபோது, ஒன்றும் வரவில்லை. ஒன்றுகூட. "மறந்துபோச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அவள் எரிச்சலோடு 'கவனமின்மை' என்று எழுதினாள். அதிலிருந்து நாலாம் நாள் அவர் இல்லை.

மத்தியானம், பெட்டிக்கு அருகே கதிரையில் செல்வநாயகம் வந்து இருந்தார். அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு போருக்குத் தப்பி ஒரே வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போனவர்கள். அகதி முகாமிலும் பக்கத்துப் பக்கத்துக் குடில். டினோஜா அந்த முகாமில்தான் பிறந்தாள். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அவள் அவர் பக்கத்தில் குந்தினாள்.

"மாமா, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரேல்லை. அது வருத்தத்தின்ர அறிகுறி. அண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருந்தா... நான் கவனமில்லை எண்டு எழுதிப்போட்டு ஒப்படையைப் பாத்தனான்."

செல்வநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஞாயிறு பின்னேரம் என்ர வீட்டுக்கு வந்தவன். பன்னிரண்டையும் சொன்னவன். முன்னுக்கிருந்தும் சொன்னான், பின்னுக்கிருந்தும் சொன்னான்."

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ எப்பிடி ஞாபகம் வைச்சனீங்கள் எண்டு கேப்பாயாம்." அவர் பெட்டியைப் பார்த்தார். "அவனால சத்தத்தைச் சத்தமா விடேலாது பிள்ளை. ஒவ்வொண்டிலயும் ஒண்டைக் கொழுவிப்போட்டான். தூப் எண்டா தூபக்கால். நாங்கள் வெளிக்கிடேக்க கோயில்ல பூசை நடந்தது. கீம் எண்டது இஞ்சின் நிக்கேக்க போட்ட சத்தம். நடுக்கடல். விடியுமட்டும் இழுபட்டம். அப்ப அவனுக்கு இஞ்சினைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"லூக்?"

செல்வநாயகத்தின் கண்கள் டினோஜாவைத் தாண்டி, பெட்டியின் தலைமாட்டில் இருந்த மார்த்தாவிடம் போயின. மார்த்தா செபமாலையை விரல்களுக்குள் நிறுத்தினாள்.

"லூக்காஸ்," என்றாள். "உனக்கு அண்ணா. எட்டு மாதம். காய்ச்சலோடதான் ஏத்தினனாங்கள்."

டினோஜாவுக்கு முப்பத்துமூன்று வயது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தாய்மாரிடம், "சொல்லுங்கோ அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ," என்று காத்திருந்திருக்கிறாள். இந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஏதும் இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது.

"விடியேக்க பிள்ளையில மூச்சில்லை. கரைக்குக் கொண்டுபோகேலாமல் போச்சு," என்றார் செல்வநாயகம். "வெயில் ஏறிட்டுது. வள்ளத்தில முப்பது சனம். பத்திநாதன்தான் கையில ஏந்திக் கடலில விட்டவன். மோழ் எண்டது பிள்ளை மூழ்கினது."

அவள் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தாள். குற்றம் செய்தவளைப் போலத்தான் எடுத்தாள். ஆனாலும் எடுக்காமல் இருக்க முடியவில்லை. பேணிக்குள் கைவிட்டுத் தானே பிடுங்கிய எழுத்துகள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை, எப்படி ஒரே இரவுக்குள் போய் விழுந்தன?

"நெக் என்ன மாமா?"

"கழுத்து. இங்கிலீசில கழுத்துத்தானே? அம்மா பிள்ளைக்கு ஒரு சின்னச் சுருபம் கட்டிவிட்டவா."

"நீலநூலில," என்றாள் மார்த்தா.

ஒவ்வொன்றாகக் கேட்டாள். செல்வநாயகம் சொன்னார். அவருக்கு விடுபட்டதை மார்த்தா சொன்னாள். முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாதவள், யார் பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தப் போர்வை நனைந்தது என்று திருத்தித் திருத்திச் சொன்னாள். டினோஜா எழுதினாள். கடைசிச் சொல்லுக்கு மட்டும் இருவருக்கும் விடை தெரியவில்லை. அதற்கு எதிரே இடம் வெறுமையாகக் கிடந்தது. அப்பா அதற்குள் எதை வைத்திருப்பார் என்ற எண்ணம் அவளை விடவில்லை. அந்த நேரம் சாவுமணி அடித்தது. பாதர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

நாலு மணிக்குச் சேமக்காலையில் பெட்டியை இறக்கினார்கள். பாதர் செபம் சொல்லி முடித்ததும் சனம் ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் போட்டது. மார்த்தாவும் போட்டாள். பிறகு மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் அதைக் குழிக்குள் போடவில்லை. கையை மூடிக்கொண்டு, சிலுவைகளுக்கு நடுவே நடந்து, பின்மதில் உடைந்திருந்த இடத்தால் வெளியே இறங்கினாள்.

"அம்மா எங்க போறா?" என்று யாரோ கேட்டார்கள்.

டினோஜா குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனாள். கண்டல் மரங்களுக்கு அப்பால் வற்றுக்கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. மார்த்தா சேற்றில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணை மூடிய கையோடு தண்ணீர் தொடங்கும் இடத்தை நோக்கி மெல்ல நடந்தாள்.