பெரியவர் ஏறவில்லை

அந்த லாரியில் மரியாதை கிடைத்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் ஒரு நாய். "பெரியவர் சாப்பிட்டாரா?" "பெரியவருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல" என்றுதான் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வார்கள். இன்னொரு நாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. இளம் வயது, ஓயாத சேட்டை. அதற்குப் பெயர் வாலு.

கணவன் மனைவி இருவருமே ஓட்டுநர்கள். வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டில் பீரோவை எல்லாம் அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில் போட்டுவிட்டு, லாரியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்குவார். நடுவில் ஒரு திரை. சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போக வேறு அறை கிடையாது. அந்தத் திரையை இழுத்து விட்டுக்கொள்வதுதான் வெளிநடப்பு.

டீசல் திருடுகிறவர்களையும் தார்ப்பாயை அறுக்கிறவர்களையும் விரட்டத்தான் முதலில் நாய் வளர்த்தார்கள். பெரியவர் தன் காலத்தில் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்தார். இப்போது அவருக்குக் காது அடைத்துப்போய்விட்டது. பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. லாரிப் படி அவருக்கு எட்டாது. யாராவது தூக்கித்தான் இறக்க வேண்டும், தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியவர் "பெரியவர் ஏறியாச்சு" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்காமல் சாவியைத் திருகக் கூடாது. அந்த வண்டிக்குள் இருந்த ஒரே சட்டம் அது.

அன்று அந்தச் சட்டம் தவறிப்போனது. இருவருக்கும் பேச்சு இல்லாததுதான் காரணம்.

வழியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் பெரியவரைக் காட்டியிருந்தார்கள். மருத்துவர் இடுப்பை அழுத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். வண்டிக்குத் திரும்பியதும் கணவன் ஆரம்பித்தான்.

"ஊசி போட்டா வலி தெரியாம ஒரேயடியா தூங்கிடுவார்னு டாக்டரே சொல்றாரு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. அவருக்கு இவர் யாரு?"

"நமக்கு இவர் யாருன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். படுத்தா முனகுறாரு, எழுந்தா முனகுறாரு. நீ ஓட்டுறப்ப இன்ஜின் சத்தத்துல உனக்குக் கேக்காது. பக்கத்துல படுக்கிற எனக்குக் கேக்குது."

"பாரமா இருக்காருன்னு நேரா சொல்லுங்க. நாளைக்கு என் இடுப்பு போனா எனக்கும் ஒரு ஊசி வாங்கிடுவீங்க."

"உன் வாய்க்கு எந்த ஊசியும் பத்தாது."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டிக்குள் துடைப்பான் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

டீசல் போட ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். ஆள் மாறும் இடமும் அதுதான். கணவன் பெரியவரைத் தூக்கிக் கீழே விட்டான். அவள் திரும்பிப் பாராமல் குளியலறைக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு, பம்புப் பக்கம் நிற்பான் என்று நினைத்த கணவனின் கண்ணில் படாமல் மறுபக்கக் கதவால் வெளியேறி, சுற்றிவளைத்து வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். வாலு ஏற்கெனவே பக்கத்து இருக்கையில் இருந்தது. திரை இழுத்து விடப்பட்டிருந்தது. பின்னால் அவன் படுத்துவிட்டான் என்று தெரிந்தது. பெரியவரும் வழக்கம்போல அவன் காலடியில்தான் இருப்பார் என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் முதலில் பேசியது அவளாகிவிடும். மனிதர்களுக்கு எவ்வளவு சின்ன விஷயமெல்லாம் பெரிய வீம்பாகிவிடுகிறது! அவள் சாவியைத் திருகினாள்.

வெகுதூரம் வந்த பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கோபம் போன குரல்.

"ஏம்மா, பெரியவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பேன். கால் குளிருது."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. வண்டியை ஓரம் கட்டித் திரையை இழுத்தாள். போர்வை இருந்தது, அவன் இருந்தான். நாய் இல்லை.

"உன்கூட முன்னாடி இல்லையா?" என்றான் அவன் எழுந்து உட்கார்ந்து.

"நல்லா நடிக்கிறீங்க."

"என்ன?"

"நீங்கதானே கீழ எறக்கினீங்க? எறக்கினவங்களுக்கு ஏத்தத் தெரியாதா? காலையிலதான் ஊசி வேணும்னீங்க. ஊசிச் செலவும் மிச்சம், விட்டுட்டு வந்துட்டீங்க."

அவன் அவளையே பார்த்தான். "தள்ளி உட்காரு, நான் ஓட்டுறேன்" என்றான்.

நடுவில் சுவர் வைத்த நெடுஞ்சாலை. நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. திருப்பம் வரும்வரை அதே திசையிலேயே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் பெரியவரை விட்டு இன்னும் தூரம் போகிறோம் என்று அவள் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகத் திரும்பினார்கள். சரக்கு இறக்க வேண்டிய கிடங்கின் மேற்பார்வையாளருக்குக் கணவன் போன் போட்டு, ஒலியைப் பெருக்கி வைத்துக்கொண்டு பேசினான்.

"சார், இன்னிக்கு கேட் மூடுறதுக்குள்ள வர முடியாது."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

"இல்ல சார். எங்க நாய் ஒண்ணு பின்னாடி பங்க்ல நின்னுபோச்சு. தேடப் போறோம்."

"யோவ், தாமதத்துக்குக் காரணம்னு நான் என்னய்யா எழுதுறது? நாய்னா எழுதுறது?"

"நாய்னே எழுதுங்க சார். பொய் எதுக்கு?"

"எழுதினா என்னைத்தான் நாய்னு சொல்லுவாங்க." பெருமூச்சு கேட்டது. "போய்ப் பாருங்க. காலையில முதல் வண்டியா விடுறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள். கடவுளே, பெரியவர் கிடைக்க வேண்டும். வேண்டி முடித்த பிறகும் உள்ளே இன்னொன்று மிச்சம் இருந்தது. கடவுளே, இவர் வேண்டுமென்றே விட்டிருக்கக் கூடாது. இரண்டில் எதை அதிகம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் அவன் கண்ணாடியில் விழும் தூறலைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் குற்றமும் தெரியவில்லை, வருத்தமும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த முகம், இன்று படிக்க வரவில்லை.

பங்கில் வண்டி நின்றதும் அவன் குதித்து ஓடினான். அவள் வாலுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு இடையில் தேடினாள். கூப்பிட்டுப் பயனில்லை, அவருக்குக் காது கேட்காது. குனிந்து ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் பார்த்தாள். டயர் கடை, தண்ணீர்த் தொட்டி, பழைய ட்ரம்கள். எங்கும் இல்லை. சுற்றி வந்தபோது, குளியலறைக்குப் பக்கத்தில் விளக்குமாறு, வாளி வைக்கும் கொட்டகை வாசலில் கணவன் நிற்பது தெரிந்தது. துப்புரவு செய்யும் அம்மா ஒருத்தி அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலை குனிந்திருந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பெரியவர் ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தார். மேலே ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. தலைமாட்டில் பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர்.

"வெளிய போற வழியில ஒரு வண்டி தட்டிட்டுது, தங்கச்சி" என்றாள் துப்புரவுக்கார அம்மா. "அவன் நிக்காம போயிட்டான். குப்பை தள்ளுற வண்டியில வச்சு இங்க கொண்டாந்தேன். தண்ணி ரெண்டு வாய் குடிச்சுது. நான் வேலைக்குப் போகல, இங்கயே உட்கார்ந்துட்டேன். மேஸ்திரி வந்து கத்தினான், கத்திட்டுப் போன்னேன். உசிரு தனியா போகலம்மா. என் மடியிலதான் தலை வச்சிருந்துது."

அவள் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ப்ளீச்சிங் பவுடரில் தோல் வெந்துபோன கை. யாரோ பெற்று, யாரோ வளர்த்து, யாரோ மறந்துவிட்ட ஓர் உயிருக்காக அந்தக் கை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆண்டவனைக் கண்ணால் கண்டவர் யார்? இப்படிப்பட்ட கைகளைத்தான் நாம் காண்கிறோம்.

கொட்டகைக்குப் பின்னால், வேலியோரம் மண் இளகியிருந்தது. அந்தம்மா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துத் தந்தாள். கணவன் வெட்டினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சாக்கோடு அவரை இறக்கி வைத்தபோது அவன் கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே குனிந்திருந்தான். துண்டைக் கழுத்துவரை இழுத்து விட்டான். மண் போட்டு முடித்ததும் அவளைப் பார்க்காமல், "நான்தான் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போனான்.

ஆக, ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நினைத்தாள் அவள். அழுகைகூட வரவில்லை.

கை கழுவக் குளியலறைக்குப் போனாள். அந்தம்மா தண்ணீர் ஊற்றினாள்.

"மனசை விட்டுடாத தங்கச்சி. அது உன் மேல எவ்வளவு உசிரா இருந்துதுன்னு நான் பாத்தேன். நீ உள்ள வந்த இல்ல, பின்னாடியே ஆடி அசைஞ்சு வந்துது. இதோ, இந்த வாசல்லதான் உட்கார்ந்துது. 'இரு சாமி, உங்கம்மா வந்துடும்'னு நான்கூட சொன்னேன். நீ அந்தப் பக்கக் கதவால போயிட்ட போல. அது எப்படி அறியும்? நெடுநேரம் இந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, அப்புறம்தான் எழுந்து தேடப் போச்சு."

தண்ணீர் அவள் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா அக்கா?"

"தம்பிகிட்டயா? வந்த உடனே சொல்லிட்டேனே. அது..." அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அட, உன்கிட்ட சொல்ல வேணாம்னு தம்பி சொல்லிச்சு. என் வாய் இருக்கே, பூட்டில்லாத வாய். நான் சொன்னதா சொல்லிடாத."

வண்டியில் ஏற வாலு மறுத்தது. நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு வேலியையே பார்த்தது. கடைசியில் கணவன் முன்னங்கால்களையும் அவள் பின்னங்கால்களையும் பிடித்து, ஒரு மூட்டையை ஏற்றுவது போல ஏற்றினார்கள். கதவைச் சாத்திய பிறகு அவள் சொன்னாள்.

"என் பின்னாடிதான் வந்திருக்காரு. நான் பாக்கல."

"தெரியும்."

"ஏன் சொல்லல? நான் உங்களை அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவர் எழுந்து வந்துடுவாரா? ஏற்கெனவே நீ பாதி செத்துப்போயிருந்த. அது வேறயா?" ஸ்டியரிங்கின் மேல் படிந்த மண்ணை அவன் கட்டைவிரலால் தேய்த்தான். "நானும்தான் எறக்கி விட்டுட்டு, நீ ஏத்திக்குவேன்னு வீம்பா போய்ப் படுத்துக்கிட்டேன். அதுல எனக்கும் பங்கு உண்டு. ஆனா நான் வேணும்னே விட்டுட்டேன்னு நீ நினைச்ச பாரு..."

அவன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

சாலையில் ஒரு டேங்கர் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

"இன்னிக்குக் கேக்காத" என்றான். "இன்னிக்குக் கேட்டா வாய்தான் சரின்னு சொல்லும். இன்னொரு நாள் கேளு. அன்னைக்கு நிஜமாவே சொல்றேன்."

"எப்ப கேக்கட்டும்?"

"எனக்குத் தெரியல. கேட்டுப் பாத்துக்கிட்டே இரு."

அவள் தலையசைத்தாள். இல்லை என்று சொல்லாமல் விட்டானே, அதுவே அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த வரம். ஓட்டும் முறை அவளுடையது. அவன் அதை அவளிடமே விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். பின்னால் போய்ப் படுக்கவில்லை. வாலு இருவர் காலுக்கும் நடுவில் சுருண்டுகொண்டது. மழைக்குள் வண்டியை மெல்லச் சாலையில் ஏற்றினாள்.