பரங்கிப் பிஞ்சு

ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண்பூவுக்குள் மெல்லத் தேய்க்கிறேன், மணி ஆறுகூட ஆகவில்லை, வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், அஞ்சாவது மாடிக்குத் தேனீ ஏறி வராது சார், இனிமே நீங்கதான் தேனீ என்று நர்சரிக்காரர் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, மரகதம் போய் நாலு மாதம் ஆகியிருந்தது, அவள் இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் இரண்டு வருடம் மொட்டைமாடியில் அந்தச் சண்டையே நடந்திருக்காது. பிஞ்சப் பாத்து விரல நீட்டாதீங்க, வெம்பிடும், மடக்கிக் காட்டுங்க என்பாள், நான் வேண்டுமென்றே நீட்டுவேன், மூன்றாம் நாள் பரங்கிப் பிஞ்சு பழுத்துத் தொட்டிக்குள் உதிர்ந்து கிடக்கும், திருப்திதானா உங்களுக்கு என்பாள், அன்று முழுக்க என்னோடு பேச்சு கிடையாது, கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் வேறெதற்கும் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

ஒரு பிஞ்சு கொடியில் இருக்கும்போதுதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், மறுநாள் மாடிக்கு வந்து பார்த்தால் அதுவும் விழுந்திருக்கிறது, கட்டிலருகே போய் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, பிஞ்சு நின்னுச்சா, நின்னுடுச்சு மரகதம் என்று சொல்லிவிட்டேன், சொன்னபிறகு எப்படி நிறுத்துவது, இன்னைக்கு எவ்ளோ பெருசு என்று தினமும் கேட்கிறாள், எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு என்று கையை விரித்துக்கொண்டே போகிறேன், பதினோராவது நாள் என் இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு குடம் அளவு இடம் இருந்தது, பன்னிரண்டாவது நாள் கேட்க அவள் இல்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்கியே தீரவேண்டும் என்று நான் வீம்பாக வளர்த்த காய் இது, நாலரைக் கிலோ, முழுப் பரங்கியை ஒரே வீட்டில் தின்னக்கூடாது என்பாள், இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மூன்றாவது மாடி ரெஜினா டீச்சருக்குக் கொண்டுபோனேன், மரகதத்துக்கு அந்தக் கட்டடத்திலேயே ஒரே சிநேகிதி, வாங்கிக்கொண்டவர் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார், அக்கா ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்குப் போன் பண்ணினாங்க சார், ரெண்டாம் நாளே, பிஞ்சு நின்னுச்சான்னு பாத்துச் சொல்லுன்னாங்க, துணி காயப்போடப் போனப்ப பாத்தேன், விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டேன், அவர்ட்ட சொல்லிடாத ரெஜினா, காயப் பத்திச் சொன்னப்பதான் அந்த மனுஷன் முகத்துல பயம் இல்லாம இருந்துச்சுன்னாங்க. நான் கையை விரிக்க விரிக்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்காகவே ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள், பதினோரு நாளும் நான்தான் அவளைத் தேற்றுவதாக நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மீதிப் பாதியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அழுதேன், அதை எப்படிச் சமைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.