ஐந்து கோட்டு மாப்பிள்ளை

ஆதிகேசவன் மூன்று வருடமாகச் சங்கீதம் படிக்கிறான் என்பதில் ஜெயம்மாவுக்குப் பெருமை ஏதும் இல்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களின் தேவாலயத்துக் காற்றுக்குழல் வாத்தியத்துக்குத் துருத்தி மிதிக்கப் போனவன், வாசிக்கிற ஆளிடமே பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டான். முதல் வருடம் காகிதத்தில் ஐந்து கோடு. அடுத்த வருடம் கோட்டின் மேல் முட்டை முட்டையாகச் சுரங்கள். இப்போது, எந்தச் சுரத்தோடு எந்தச் சுரம் சேரும் என்ற ஆராய்ச்சி. இவ்வளவு படித்தவன் ஒரு பாட்டை முழுதாகப் பாடி யாரும் கேட்டதில்லை. வலை இழுக்கும்போது எல்லோரும் ஏலேலோ போட, இவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்பான்.

"இவனுக்கா நைனா என்னைக் கட்டிக் குடுக்கறே?" என்று கேட்டுப் பார்த்தாள். நைனா சிரித்துக்கொண்டே படகுக்குப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று வாசலில் குறுக்கே வலை கட்டினார்கள். பெண் வீட்டார் ஏசிப் பாடுவார்கள். மாப்பிள்ளை பாட்டிலேயே பதில் சொன்னால்தான் வலை அவிழும். மூன்று முறை பாடியும் வாய் திறக்காதவன் வந்த வழியே போகவேண்டியதுதான். இருசம்மாள் அத்தைக்கு அதுதான் ஆசை. தன் மகன் அர்ஜுனனுக்கு ஜெயம்மாவைக் கேட்டிருந்தவள் அவள். ஏசிப் பாட முன்னால் வந்து நின்றவளும் அவளே.

"கோடு போட்டுப் பாட்டு கத்த மாப்ளே வந்தாரு,
கொடுவா மீனைக் கண்டாக்கூட ஓட்டம் எடுத்தாரு."

பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை.

"இன்னா மாப்ளே, வாயைக் கோட்டையிலேயே வச்சிட்டு வந்துட்டியா?"

வலைக்குப் பின்னால் நின்ற ஜெயம்மா, போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள்.

மூன்றாம் முறை அத்தை பாடிக்கொண்டிருக்கும்போதே அவன் வாயைத் திறந்தான். அதே வார்த்தைகள், ஆனால் தாழ்ந்த, வேறு ஒரு சுரத்தில்.

"சுதி தப்பிட்டான்டி" என்று யாரோ ஒருத்தி சிரித்தாள். அத்தை அவனை அமுக்க இன்னும் உரக்கப் பாடினாள். அவள் குரல் ஏறிய இடமெல்லாம் அவன் குரலும் கூடவே அடியில் ஏறியது. மீன் கூவி விற்றுக் கரகரத்துப்போன அத்தையின் தொண்டையை, முதல் தடவையாக நின்று கேட்கலாம் போலிருந்தது ஜெயம்மாவுக்கு. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"இது பதிலா? என் பாட்டைத்தானே பாடினான்" என்றாள் அத்தை.

"உங்க பாட்டு பாதிதான் இருந்துச்சு அத்தை. மீதிய நான் பாடினேன்."

"பாதியாமே. திமிரைப் பாரு."

ஜெயம்மா வலையின் முடிச்சில் கை வைத்தாள்.

"உன்னைத்தான் ஏசினாங்கன்னாவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எதிர்த்து ஒரு வார்த்தை வரல. கூடச் சேந்து உன்னையே ஏசிக்கினே. நல்ல படிப்பு." முடிச்சை அவிழ்த்தாள். "உள்ள வா. அத்தை, நீ இன்னொரு வாட்டி பாடு. முதல்லருந்து."