சொல்லாமல் போனவர்கள்

என் வீட்டுக்காரர் சாமுவேல் எங்கள் கல்லூரியின் சாப்ளின், அதாவது கல்லூரிப் போதகர். மாணவர்களுக்கு மனக்கஷ்டம் வந்தால் ஆறுதல் சொல்வது அவர் வேலை. பெங்களூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அதையும் நிறுத்திவிட்டார். "துக்கத்துல இருக்கறவங்ககிட்ட நாம பேசவே கூடாது. அவங்க பேசறதைக் கேட்டாப் போதும்" என்பது அவர் படித்துவந்த பாடம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பேசுவதைக் காதில் வாங்காத மனுஷன், பெங்களூர் வரை போய்க் கேட்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல கூத்து.

தொண்ணூற்று மூன்று செப்டம்பர் கடைசியில் மகாராஷ்டிராவில் பூகம்பம் வந்தது. லாத்தூர் பக்கம் ஊர் ஊராகத் தரைமட்டமாகிக் கிடந்ததை டி.வி.யில் காட்டினார்கள். எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இரண்டாம் வருடம் படித்த சுனந்தாவின் ஊர் அங்கேதான். அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் ஊரில் இருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தே கதியென்று நின்றாள் அந்தப் பெண். லைன் போகவே இல்லை. இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது.

ஹாஸ்டல் விசிட்டர்ஸ் ரூமில் அவளை உட்காரவைத்து, என்னையும் கூட வைத்துக்கொண்டு, சாமுவேல் கேட்க ஆரம்பித்தார். அவள் பேசவில்லை. இவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவளே பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"ஏனுங்க பாஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லைங்களா?"

மெஸ்ஸில் சமைக்கும் மாசாணியம்மாளிடம் தமிழ் கற்றவள் அவள். ஹாஸ்டல் பூனையைக்கூட "அந்தப்பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவாள்.

அடுத்து ஜெபக்குழுப் பையன்கள் கிதாரோடு வந்தார்கள். உள்ளே விட வழியில்லாததால் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பாடினார்கள். அவர்கள் ஒழுங்காகப் பழகி வைத்திருந்தது கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுதான். அதை எவ்வளவு சோகமாகப் பாட முடியுமோ அவ்வளவு சோகமாகப் பாடினார்கள், பாவம்.

பிறகு ஊரே திரண்டு வந்தது. லெக்சரர்கள், ஆபீஸ்காரர்கள், பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வீட்டுச் சுப்பாத்தாள் அம்மா. வந்தார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், எழுந்து போனார்கள். கூடப் படிக்கும் பெண்கள் வந்து கையைப் பிடித்துவிட்டு நேராகப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். டேங்க்கில் தண்ணீர் தீர்ந்துபோனது என்று வார்டன் கயல்விழி கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுனந்தா என்னிடம் கேட்டாள். "பாஸ்டரம்மா, எங்க ஊட்ல எல்லாரும் செத்துப்போயிட்டாங்களாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு கண்ணு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. ஆனா போறப்ப ஒருத்தருமே 'வாரேன்'னு சொல்லலைங்களே."

எங்கள் ஊர்ப்பக்கம் கடையில் கால் கிலோ தக்காளி வாங்கினவன்கூட "வாரேனுங்க" என்று சொல்லாமல் நகரமாட்டான். சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவது. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது இந்தப் பெண்.

எனக்கு வந்ததே கோபம்! நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் ஒருத்தர் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலில் மாட்டியவர் அப்போதுதான் எழுந்த சுப்பாத்தாள் அம்மா.

"சாவூட்டுல அப்படிச் சொன்னா இன்னொரு சாவு வந்துருமுங்க அம்மணி."

"இது சாவூடுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? தந்தி வந்துச்சா?"

"அப்புறமாப் பார்க்கலாமுங்கன்னு வேணா சொல்லட்டுங்களா?"

"அதெல்லாம் செல்லாதுங்க."

அந்த அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமியை நாலு தரம் கூப்பிட்டுவிட்டு, "வாரேன் கண்ணு" என்றார். அதன்பிறகு வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். கயல்விழிகூடச் சொன்னாள்.

ஒருத்தரை மட்டும் காணோம். பார்த்தால் என் வீட்டுக்காரர் சமையல்கட்டு வழியாக நழுவிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, விசுவாசத்தைப் பத்தி வாராவாரம் பிரசங்கம் பண்ற நீங்களுமா?"

"விசுவாசம் வேற, பழக்கம் வேற" என்று முணுமுணுத்தார். முழங்கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைக் குரலில் "போயிட்டு வாரேம்மா" என்றார். சுனந்தா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் வார்டன் ரூமுக்குப் போன் வந்தது. ஓடிப்போய் எடுத்த சுனந்தா, "அம்மா, நல்லாயிருக்கீங்களாங்க?" என்றாள். பதற்றத்தில் தமிழ்! அந்தம்மாவுக்கு என்ன புரிந்ததோ. பிறகு மராத்தியில் பேசினாள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

போனை வைத்தாள். "அம்மா இருக்காங்க. தம்பி இருக்கான்."

ரிசீவரை இன்னொரு தரம் சரியாக வைத்தாள்.

"அப்பாவை நேத்தே எரிச்சுட்டாங்களாமுங்க."

சாமுவேல் விடிந்ததும் அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடானது. சாயங்காலம் அத்தனை பெண்களும் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை மாடியில் அவள் அறைக்கே. சுப்பாத்தாள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சொல்லாமல் போனார்கள். நான் யாரையும் மறிக்கவில்லை.

கடைசியில் நான் மட்டும் இருந்தேன். கீழே வாசலில் சாமுவேல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எழுந்து கதவுவரை போனேன். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் போகவும் கால் வரவில்லை.

சுனந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன சொல்லிட்டுப் போவீங்க, பாஸ்டரம்மா?"

"நான் போகலை கண்ணு" என்றேன்.

அவள் கட்டிலில் சுவரோரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.