வண்டியெல்லாம் நிக்குது

மூன்றாம் முறையும் சவப்பெட்டியின் மூடி உட்காரவில்லை. அப்பாவின் வலது கை உள்ளிருந்து தடுத்தது. மேற்கை காதோரம் ஒட்டி நிற்க, முன்கை மேல்நோக்கி மடங்கி, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி விறைத்திருந்தது. பணியில் இருந்தவரை நாற்சந்தியில் வண்டிகளை நிறுத்திய கை, இப்போது ஒரு பலகையை நிறுத்திவைத்திருந்தது.

"போலீஸ்காரர் காட்டினா நிக்கத்தானே வேணும்," என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்காததால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பெட்டிக்காரர் மகளை ஓரமாக அழைத்தார். "தோள் நழுவியிருக்கும்மா. அப்படியே விறைச்சும் போச்சு. ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினா இறங்கிடும். கொஞ்சம் சத்தம் கேக்கும். அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க."

மகள் அம்மாவைத் தேடித் திரும்பினாள்.

அந்தத் தோளை அறியாதவர் தெருவில் இல்லை. எல்லாருக்கும் தோள் மூட்டில் கிண்ணம் இருந்தால், அப்பாவுக்குத் தட்டுதான் வாய்த்திருந்தது. எலும்புப் பந்து அதில் நிற்குமா? தும்மினால் கழன்றது. சட்டை மாட்டினால் கழன்றது. ஆனால் சரித்திரத்தில் நின்றது பணியில் கழன்றதுதான். ஒரு நண்பகலில் வண்டிகளை நிறுத்தக் கையைத் தூக்கியவர், இறக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். வண்டிகளும் நின்றன. வரிசை அடுத்த ஊர்வரை போயிற்றாம். பெண் பார்க்கப் பேருந்தில் கிளம்பிய ஒரு குடும்பம், காத்திருந்து அலுத்து, அதே பேருந்திலேயே வேறொரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டதாம். கடைசியில் அம்மாவை ஸ்கூட்டரில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மாவுக் கையோடு இறங்கிய அம்மா, புருஷனை நடுரோட்டில் படுக்கவைத்து, செருப்பை உதறி, அக்குளில் காலை முட்டுக்கொடுத்தாள். "கைய இறக்குங்க, வண்டியெல்லாம் நிக்குது," என்று இழுத்தாள். ளொடக். அந்தப் பேருந்துத் தம்பதிக்கு இப்போது பேரன் பேத்தி இருப்பதாக அப்பா கணக்குச் சொல்வார்.

ஒன்றாம் வகுப்பில் மகள், "எங்க அம்மா அப்பாவ மிதிக்கிறாங்க டீச்சர்," என்று சொல்லிவைத்தாள். டீச்சர் பதறிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அப்பா மரியாதையாகக் கைகுலுக்கினார். கை டீச்சரோடு போயிற்று.

இழுப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. தோளின் சதை பயந்து இறுகிவிட்டால் எலும்பு உள்ளே போகாது. அதனால் அம்மா இழுத்துக்கொண்டே கேட்பாள்: "மொதமொதல்ல எப்படிக் கழண்டுது?" அப்பா பொய்யை ஆரம்பிப்பார். பொய் உச்சிக்கு ஏறும் இடத்தில் சதைக்குக் காவல் மறந்துபோகும். பந்து வீடு சேரும். அதோடு கதையும் நின்றுவிடும். அப்பாவின் எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உலோகப் பந்து வைத்தார்கள். அதன்பின் காலைத் தூக்க முடியவில்லை. "ரெண்டு பேரையும் சேத்தாக்கூட ஒரு உருப்படியான மூட்டு தேறாது," என்றார் அப்பா. முறையை மாற்றினார்கள். அப்பா கட்டிலில் குப்புறப் படுத்து, தொங்கும் கையில் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொள்வார். அம்மா தலைமாட்டில் நாற்காலி போட்டுக் கதை கேட்பாள்.

இன்று காலை கட்டிலடியில் வாளி இருந்தது. பாதித் தண்ணீர். அம்மா இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தாள். அவர் இரவில் தனியாக முயன்று பார்த்துவிட்டு, தூக்கிய கையோடே மல்லாந்து படுத்து, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எழுப்பியிருக்கலாம்ல," என்று அம்மா வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

இப்போது அறை வாசலில் அம்மாவின் வாக்கர் சத்தம் கேட்டது.

"யாரும் அவரத் தொடாதீங்க."

"அம்மா, இது அந்த மாதிரி இல்ல," என்றார் பெட்டிக்காரர். "உயிர் போன விறைப்பு."

"தெரியும். நாற்காலி போடு. வெந்நீர்ல துண்டு நனச்சுக் கொண்டா. மத்தவங்க வெளிய போங்க. கூட்டத்தப் பாத்தா அவர் கைய இறக்கமாட்டார்."

மகள் மட்டும் துண்டோடு நின்றாள்.

அம்மா சுடுதுணியைத் தோளில் போட்டுப் போட்டு எடுத்தாள். அமுக்கினாள், நீவினாள், மறுபடி அமுக்கினாள். துண்டை மகள் எத்தனை முறை நனைத்தாளோ. அம்மாவின் விரல்கள் கழுத்தடிக் காறை எலும்பில் நடந்து அதன் முனைக்கு வந்து, பந்து இருக்க வேண்டிய பள்ளத்தில் இறங்கி, அக்குளுக்குள் தேடின.

"இங்க இருக்கியா," என்றாள் எலும்பிடம். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "மொதமொதல்ல எப்படிக் கழண்டுது?"

மின்விசிறி சுற்றியது. அவர் வழக்கமாகத் தொண்டையைச் செருமும் நேரம்வரை காத்திருந்தாள்.

"சரி, நானே சொல்றேன். ரயில் வந்துச்சு. தண்டவாளத்துல ஒரு பூனை. நீங்க கையக் காட்டுனீங்க. ரயில் நின்னுபோச்சு. டிரைவர் இறங்கி வந்து, 'சார், லைசென்ஸ் வீட்டுல இருக்கு சார்'னு அழறான். நீங்க அவனப் பாத்து..."

நிறுத்தினாள். மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை மறு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"கைய இறக்குங்க. வண்டியெல்லாம் நிக்குது."

பக்கத்து அறையில் யாரோ மேசை இழுப்பறையைச் சாத்தியதுபோல ஒரு சின்னச் சத்தம். கை மெல்ல இறங்கி அவர் மார்பின்மேல் வந்தது.

"டிரைவர என்ன பண்ணாரும்மா?" என்றாள் மகள்.

"யாருக்குத் தெரியும்? சொல்லவே இல்லையே." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அலமாரில கைய ஏந்திக் கட்டுற நீலத் தூக்குத்துணி இருக்கும், எடு. கட்டலன்னா திரும்பக் கழண்டுடும்."

பெட்டிக்காரர் மூடியோடு வந்தார். அம்மாவின் கையில் துணியைப் பார்த்ததும் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்.

அம்மா வெளுத்த நீலத் துணியில் கையை ஏந்தி, கழுத்தோரம் முடிச்சுப் போட்டாள். ஒரு கணம் பார்த்தாள். அதை அவிழ்த்துவிட்டு, உருவினால் கழலும் சுருக்காக மாற்றிப் போட்டு, நுனியை அவருடைய இடது கைக்கு எட்டும்படி இழுத்துவிட்டாள்.