தரையில் விரித்த சில்லு

“அது கோடா, கீறலா?” என்று விசாரணைக் குழுத் தலைவர் வெனியமின் லுகிச் கேட்டார். அவர் விரல் வைத்திருந்த வரைபடத்தை ஃபைனா குனிந்து பார்த்தாள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில் சோவியத் யூனியனின் கீவ் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அமெரிக்கக் கணினிச் சில்லு ஒன்றே ஒன்றுதான். அதை அமிலத்தில் அடுக்கடுக்காக உரித்து, படமெடுத்து, அறை அளவுக்குப் பெரிதாக்கித் தரையில் விரித்தார்கள். அதேபோல் சில்லு செய்வதற்காக, ஃபைனாவும் மற்றப் பெண்களும் காலுறையோடு அதன்மேல் தவழ்ந்து கோடு கோடாகப் படியெடுத்தார்கள். யோசிக்கக் கூடாது, இருப்பதை அப்படியே வரைய வேண்டும் என்பது உத்தரவு.

மூன்றாம் தாளில், இரண்டு பாதைகளுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று குறுக்காக ஓடியது. ஃபைனா அன்றே மேற்பார்வையாளர் நோன்னா அர்காதியெவ்னாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இடுக்கி பட்ட கீறல் மாதிரி இருக்கே?”

“அமெரிக்காக்காரன் தும்மியிருந்தாலும் அதையும் வரையணும்டி. நாளைக்கு ஒரு கோடு குறைஞ்சா யாரு பதில் சொல்றது? வரை.”

பெண்கள் சிரித்தார்கள். ஃபைனா வரைந்தாள்.

இப்போது அந்தப் படியை வைத்துச் செய்த முதல் தொகுதிச் சில்லுகள் அத்தனையும் பிணம், ஒன்றுகூட இயங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் இல்லை, அமிலம் தின்றுவிட்டது.

விசாரணைக்கு முன், காலையில் நடைபாதையில் நோன்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கிட்ட கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு. நீ பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவ, தெரியாம வரைஞ்சேன்னு சொன்னா நம்பிடுவாங்க. நான் கட்சிக்காரி. என்னை நாசவேலைக்காரின்னே எழுதுவாங்க.”

படிப்பை முடிக்காத ஃபைனாவை வேலைக்கு எடுக்கக் கையெழுத்துப் போட்டவளே நோன்னாதான். ஆனால் வேலை போனால் விடுதிக் கட்டில் போகும், நகரத்தில் தங்கும் அனுமதியும் போகும். பிறகு ஊரில் அப்பாவின் குடிவெறிக்கும் இடுப்புவார் அடிகளுக்கும்தான் திரும்ப வேண்டும்.

“என்ன பொண்ணே, நாக்கை விடுதியிலயே வச்சுட்டு வந்துட்டியா?” என்றார் வெனியமின் லுகிச்.

“கீறல்தான்,” என்றாள் ஃபைனா. “எனக்கு அப்பவே சந்தேகம். கேட்டேன். வரையச் சொன்னாங்க.”

“யாரு சொன்னது?”

சுவரோரம் நோன்னா உட்கார்ந்திருந்த பக்கம் ஃபைனா திரும்பிப் பார்த்தாள். குழுவில் ஒருவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

நோன்னா எழுந்து வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். ஃபைனாவைக் கடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள்.